கடன், அடிமைத்தனம், மீட்பு: பைபிள் சட்டங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நகைக்கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு எடுக்கிறேன். லேவியராகமம் 25-ஆம் அதிகாரத்தைத் தொட்டதும் கேள்விகள் வரிசை கட்டி வந்தன. வகுப்பில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதியிருக்கிறேன். வசனங்களைப் பெரும்பாலும் என் சொந்த நடையில் சொல்கிறேன். மேற்கோள் குறிக்குள் வருபவை நம் வீடுகளில் இருக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்தவை.

இந்தச் சட்டங்கள் பைபிளில் எங்கே இருக்கின்றன?

மூன்று இடங்களில் கொத்தாக இருக்கின்றன: யாத்திராகமம் 21, 22, லேவியராகமம் 25, உபாகமம் 15, 23, 24. மூன்றும் ஒரே மாதிரி பேசுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யாத்திராகமத்தில் எபிரெய அடிமை ஆறு வருடம் உழைத்துவிட்டு ஏழாம் வருடம் விடுதலையாகிப் போகலாம், அவ்வளவுதான். உபாகமம் அதே சட்டத்தை எடுத்துக்கொண்டு, போகிறவனை வெறுங்கையோடு அனுப்பாதே, ஆட்டுமந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் எடுத்துக்கொடு என்கிறது. பெண்ணுக்கும் இதே சட்டம்தான் என்றும் சேர்க்கிறது. லேவியராகமம் இன்னொரு வழியில் போகிறது. உன் சகோதரன் வறுமையில் உன்னிடம் விலைப்பட்டால் அவனை அடிமையாக நடத்தாதே, கூலிக்காரனைப்போல் இருக்கட்டும், ஆனால் யூபிலி வருடம் (ஐம்பதாம் வருடம் வரும் விடுதலை ஆண்டு, பின்னால் விளக்குகிறேன்) வரை இருக்கட்டும் என்கிறது.

மூன்றையும் ஒன்றாகப் பொருத்திக்காட்ட யூத ரபீக்கள் (வேத ஆசிரியர்கள்) நிறைய உழைத்திருக்கிறார்கள். ஆய்வாளர்கள் பலர், இவை வெவ்வேறு காலத்துத் தொகுப்புகள் என்கிறார்கள். நம் ஊர்ச் சட்டங்களுக்கு அவ்வப்போது திருத்தம் வருகிறதல்லவா, அந்தக் கண்ணோடு படித்தால் எனக்குப் புரிகிறது.

'மீட்பு' என்பது அடகுக்கடைச் சொல்லா, ஆலயச் சொல்லா?

இரண்டும்தான். இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு அக்கா. "நகையை மீட்கணும் என்கிறோம், மீட்பர் என்று பாடுகிறோம். ரெண்டும் ஒண்ணா?" என்றார். தமிழ் மட்டும் இப்படிச் செய்யவில்லை, எபிரெயத்திலும் அப்படித்தான். 'கோஏல்' என்ற சொல் முதலில் ஒரு உறவுக்காரரைக் குறிக்கும். தம்பி கஷ்டத்தில் நிலத்தை விற்றால் அதைத் திரும்ப வாங்கவேண்டியவர், அவன் தன்னையே விற்றுவிட்டால் பணம் கட்டிக் கூட்டிவரவேண்டியவர், அந்த நெருங்கிய சொந்தம்தான் கோஏல். யோபு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று சொல்லும்போது அங்கே இருக்கும் சொல் இதுவே. ஏசாயா கடவுளையே இஸ்ரவேலின் மீட்பர் என்று அழைக்கும்போதும் இதுவே. சங்கதி இதுதான்: கணக்குப் புத்தகத்திலிருந்து ஜெபப் புத்தகத்துக்குப் போன சொல் இது, மறுபக்கமாக வந்ததல்ல.

எங்கள் சங்கத்தில் நகையை ஒரு துணிப்பொட்டலத்தில் கட்டி, அரக்கு வைத்து, எண் எழுதி இரும்புப் பெட்டகத்தில் வைப்போம். அசலும் வட்டியும் கட்டி முடித்தபின் ஆள் எதிரிலேயே பொட்டலத்தைப் பிரிப்போம். ஏலத்துக்கு முந்தின நாள் ஒரு அண்ணன் மூச்சிரைக்க வந்து, தங்கையின் பேரில் இருந்த ஒரு ஜோடி வளையலுக்குப் பணம் கட்டினார். ரசீதை நான் நீட்டியபோது அவர் அதைப் பார்க்கவே இல்லை. பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்து, அதன்மேல் கையை வைத்தபடியே வெளியே போனார். கோஏல் என்றால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருகிறார்.

பைபிளில் இதற்கு அழகான ஒரு பத்திரப்பதிவும் உண்டு. எரேமியா 32-இல், பாபிலோன் படை எருசலேமைச் சுற்றி நிற்கிறது. தீர்க்கதரிசியோ காவலில் இருக்கிறார். அவருடைய சித்தப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் நிலத்தை நீர் வாங்கும், மீட்கும் உரிமை உமக்குத்தான் என்கிறான். நாடே கையைவிட்டுப் போகிற நேரத்தில் எரேமியா பதினேழு சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகள் வைத்து, முத்திரை போட்ட பத்திரம் ஒன்றும் திறந்த பத்திரம் ஒன்றுமாக மண்பானையில் போட்டு வைக்கச் சொல்கிறார். சொத்து வாங்க இதைவிட மோசமான நேரம் கிடையாது.

வட்டி வாங்கவே கூடாதா? நான் வங்கியில் வைப்புத்தொகை போட்டிருக்கிறேனே?

ஏழைக்குக் கொடுக்கும் கடனில் வட்டி கூடாது. யாத்திராகமம் 22:25-உம் லேவியராகமம் 25:36-உம் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பின்னணியில் இருப்பது விதை தீர்ந்துபோன விவசாயி, மழை பொய்த்த வருடம், அடுத்த அறுவடை வரை வயிற்றுக்கு வேண்டிய தானியம். தொழில் முதலீடு அந்தக் காட்சியில் இல்லை. அந்நியனிடம் வட்டி வாங்கலாம் என்று உபாகமம் 23:20 அனுமதிப்பதை, ஊர் ஊராக வந்து போகும் வணிகர்களோடு நடந்த வியாபாரம் என்று பலர் விளக்குகிறார்கள். இயேசு சொன்ன தாலந்து உவமையில் எஜமான், பணத்தைக் காசுக்காரரிடம் போட்டிருந்தால் வட்டியோடாவது வாங்கியிருப்பேனே என்கிறான். ஆகவே உங்கள் வைப்புத்தொகைக்காகத் தூக்கம் கெடவேண்டாம் என்பது என் கருத்து. வகுப்பில் இதை ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள்.

எபிரெயத்தில் வட்டிக்கு இரண்டு சொற்கள். 'நெஷெக்' என்பது 'கடி' என்ற வேரிலிருந்து வருவது. பாம்பு கடிப்பதற்கும் அதே வேர்தான். 'தர்பீத்' என்பது பெருக்கம். நம் பழைய மொழிபெயர்ப்பு "வட்டியாவது பொலிசையாவது" என்று எழுதியது. பொலிசை யாருக்கும் இன்று புரிவதில்லை, ஆனால் அது சோழர் கல்வெட்டுச் சொல். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், கோயில் பணத்தை வாங்கிய ஊர்ச்சபைகள் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை கட்டிய கணக்கு இருக்கிறது. நூற்றுக்குப் பன்னிரண்டரை.

அடகு வாங்குவதில் என்ன கட்டுப்பாடு?

மொத்தத் தொகுப்பிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

உபாகமம் 24:10, 11-ஐப் பாருங்கள். அடகு வாங்க அவன் வீட்டுக்குள் நுழையாதே. நீ வெளியே நில். அவனே எடுத்துக்கொண்டு வெளியே வருவான். எதைக் கொடுப்பது என்று முடிவு செய்வது கடன் வாங்கியவன், கொடுத்தவன் அல்ல. வீட்டுக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இன்னொருவன் கண்ணால் அளக்கக் கூடாது. வீட்டு வாசற்படிதான் எல்லை. அதே அதிகாரம் 6-ஆம் வசனத்தில், திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, மேற்கல்லை மட்டும்கூட எடுக்காதே என்கிறது. அந்தக் கல் போனால் அன்றைக்கு மாவு இல்லை, அப்பம் இல்லை. மேற்கல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் கடன் கொடுத்தவனுக்கு எந்தப் பிரயோஜனமும் கிடையாது, வாங்கியவனுக்குத்தான் முடை. நெருக்குவதற்காகவே எடுக்கும் பொருள் அது. விதவையின் வஸ்திரத்தை அடகாக எடுக்கவே கூடாது. ஏழையின் மேலாடையை எடுத்தால் பொழுது சாயும்முன் திருப்பிக் கொடுக்கவேண்டும், ஏனென்றால் இரவில் அதைத்தான் அவன் போர்த்திக்கொள்வான்.

"எதைப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்வான்?" என்று யாத்திராகமம் கேட்கும் கேள்வி வெறும் அலங்காரம் அல்ல. 1960-இல் இன்றைய இஸ்ரேலின் கடலோரத்தில் மெசத் ஹஷவ்யாகு என்ற சிறு கோட்டையைத் தோண்டியபோது, மையால் எழுதிய பானை ஓடு ஒன்று கிடைத்தது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. ஒரு அறுவடைக் கூலியாள் அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. தன் பங்கு அறுவடையை முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டதாகவும், அப்படியிருந்தும் சோபாயின் மகன் ஓசயாகு என்பவன் வந்து தன் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டதாகவும் அவன் சொல்கிறான். கூட வெயிலில் அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி, என் துணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்று கெஞ்சுகிறான். துணி திரும்பக் கிடைத்ததா என்று ஓடு சொல்லவில்லை.

சரி, இன்றைக்கு? நம் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908, பிரிவு 60-ஐ எடுத்துப் பாருங்கள். கடன்பட்டவர் மீது நீதிமன்றத் தீர்ப்பே இருந்தாலும் ஜப்தி செய்யக் கூடாத பொருள்கள் என்று ஒரு பட்டியல் அங்கே உண்டு. உடுத்தத் தேவையான துணி, சமையல் பாத்திரம், படுக்கை, மதவழக்கப்படி பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழிலாளியின் கருவிகள், விவசாயியின் ஏரும் மாடும் விதைநெல்லும். திரிகைக் கல்லும் மேலாடையும் அந்தப் பட்டியலில் வேறு பேரில் உட்கார்ந்திருக்கின்றன.

சட்டம் இருக்கிறது, வாசற்படி தாண்டுவதும் நடக்கிறது. குழுக்கடன் தவணை நாளில், ஒரு பெண் கட்டத் தவறினால் வசூலுக்கு வந்தவர் அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவதும், மற்ற பெண்களையும் எழுந்து போகவிடாமல் வைத்திருப்பதும் எங்கள் பக்கத்தில் எல்லாரும் பார்த்தது. 2003-ஆம் வருடத்து தமிழ்நாடு அதிகவட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, கந்துவட்டி, மீட்டர்வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே தடுக்கிறது. கடன் வசூலிக்கும் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சொன்னது. பொழுது சாய்ந்தபின் கடன்காரனை விட்டுவிடு என்பது பழைய யோசனைதான்.

ஏழு வருடத்துக்கு ஒருமுறை கடனைத் தள்ளிவிட்டால் யார்தான் கடன் கொடுப்பார்?

இதைக் கேட்டவர் எங்கள் சங்கத்தின் முன்னாள் செயலாளர், வேறு யார் கேட்பார்? நியாயமான கேள்வி. ஏழாம் வருட முடிவில் கடனை விட்டுவிடச் சொல்வது உபாகமம் 15, அதுதான் விடுதலை வருடம். அந்தச் சட்டத்தை எழுதியவருக்கும் இது தெரிந்திருக்கிறது. உபாகமம் 15:9, விடுதலை வருடம் நெருங்கிவிட்டது என்று மனதில் நினைத்து ஏழைக்குக் கொடுக்காமல் இருக்காதே என்று எச்சரிக்கிறது. எச்சரித்தார்கள் என்றால் அப்படி நடந்திருக்கிறது என்று பொருள்.

கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில் வாழ்ந்த ரபீ ஹில்லேல் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மக்கள் ஏழாம் வருடத்துக்கு முன்னால் கடன் கொடுப்பதையே நிறுத்திவிட்டதைப் பார்த்து, 'புரோஸ்புல்' என்ற பத்திரத்தை ஏற்படுத்தினார். கடன் கொடுத்தவர் தன் பற்றுகளை நீதிமன்றத்தின் பொறுப்பில் ஒப்படைத்துவிடுவார். தனிமனிதன் வசூலிப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது, நீதிமன்றம் வசூலிப்பதை அல்ல என்பது வாதம். கடன் ரத்தாகாது, ஏழைக்கும் கடன் கிடைக்கும். சாமர்த்தியமா, சரணாகதியா என்று இன்றுவரை வாதம் ஓய்ந்தபாடில்லை.

சாக்கடல் பக்கத்து வாடி முரப்பாத் குகைகளில் ஒரு கடன் பத்திரம் கிடைத்தது. நீரோ ஆட்சியின் இரண்டாம் வருடம், அதாவது கி.பி. 55-56. ஒருவர் இருபது வெள்ளிக்காசு வாங்கியிருக்கிறார். குறித்த நாளில் கட்டாவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு கூடச் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். அப்புறம் ஒரு வரி: இது விடுதலை வருடமாக இருந்தாலும் சரி. கடன் கொடுத்தவர் அந்த வரியை எழுதவைக்காமல் பணத்தை எடுத்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

பயிர்க்கடன் தள்ளுபடியோடு இதை ஒப்பிடலாமா என்றும் அவரே கேட்டார். தமிழ்நாட்டில் 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி ஆனது. ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உபாகமத்துத் தள்ளுபடி எப்போது வரும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். தேர்தலைப் பார்த்து வருவதில்லை. இன்னொன்று, அங்கே நஷ்டம் கொடுத்தவன் கைப்பணத்தில் விழுகிறது, அரசுக் கருவூலத்தில் அல்ல. தள்ளுபடிக்கு முந்தின மாதம் நேர்மையாகக் கடைசித் தவணை கட்டிவிட்டு, பிறகு கவுண்டரில் வந்து என் முகத்தைப் பார்த்து நின்றவர்களுக்கு நான் சொல்ல எதுவும் இருந்ததில்லை.

பைபிள் அடிமைத்தனத்தை அனுமதிக்கிறதா, இல்லையா?

அனுமதிக்கிறது. இதைச் சுற்றி வளைக்கக் கூடாது.

எபிரெயக் கடனாளிக்கு ஆறு வருட வரம்பு, ஓய்வுநாள், விடுதலைக் காலத்தில் கொடை, அடித்துக் கண்ணையோ பல்லையோ போக்கினால் உடனே விடுதலை என்று பாதுகாப்புகள் இருக்கின்றன. ஆள் திருடி விற்பவனுக்கு மரண தண்டனை (யாத். 21:16). ஓடி வந்த அடிமையை எஜமானிடம் ஒப்படைக்காதே, அவன் விரும்பும் ஊரில் உன் நடுவில் இருக்கட்டும் என்கிறது உபாகமம் 23:15, 16. அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய பாபிலோன் மன்னன் ஹம்முராபியின் சட்டத்தில் ஓடிவந்த அடிமைக்கு அடைக்கலம் கொடுத்தவனுக்கு மரணம் என்பதை வைத்துப் பார்த்தால் இது சாதாரணம் அல்ல.

மறுபக்கமும் இருக்கிறது. லேவியராகமம் 25:44 முதல் 46 வரை, சுற்றியுள்ள ஜாதிகளிடம் அடிமைகளை வாங்கலாம், பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுப்போகலாம் என்கிறது. யாத்திராகமம் 21:21, அடிபட்ட அடிமை ஓரிரு நாள் உயிரோடிருந்து இறந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை என்கிறது, காரணம் அவன் எஜமானுடைய காசு. அமெரிக்கத் தெற்கில் அடிமை வைத்திருந்தவர்கள் லேவியராகமத்தை மேற்கோள் காட்டினார்கள். 1850-இல் தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் வந்தபோது, எதிர்த்தவர்கள் உபாகமம் 23-ஐக் காட்டினார்கள். ஒரே புத்தகத்தை இரண்டு தரப்பும் கையில் வைத்திருந்தன. எந்த வசனம் எந்த வசனத்தைத் தீர்ப்பளிக்கவேண்டும் என்பதை வாசிக்கிறவர் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டியிருக்கிறது, தேர்ந்தெடுக்கவில்லை என்று சொல்பவரும் தேர்ந்தெடுத்தவரே.

லேவியராகமம் எபிரெயரை ஏன் விற்கக் கூடாது என்பதற்குக் கொடுக்கும் காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர்கள் எகிப்திலிருந்து நான் கொண்டுவந்த என் ஊழியக்காரர், அடிமைகளாக விற்கப்படக் கூடாது என்கிறார் கடவுள். பத்திர ஆபீஸ் பாஷையில் சொன்னால், இந்த மனிதர் மேல் ஏற்கெனவே வில்லங்கம் இருக்கிறது, வேறு யாருக்கும் கிரயம் செய்ய முடியாது. அந்த வாதத்தை அந்நியருக்கும் நீட்ட லேவியராகமம் முன்வரவில்லை. பின்னால் வந்தவர்கள் நீட்டினார்கள்.

கதவு நிலையில் காதைக் குத்துவது எதற்கு?

ஏழாம் வருடம் போக விரும்பாதவனை எஜமான் கதவருகே கொண்டுபோய்க் கம்பியால் காதைக் குத்துவான். அதன்பின் அவன் நிரந்தர அடிமை. எஜமானை நேசித்ததால் இருக்கிறான் என்று பிரசங்கங்களில் உருக்கமாகச் சொல்வார்கள். யாத்திராகமம் 21:4-ஐயும் சேர்த்துப் படியுங்கள். எஜமான் கொடுத்த மனைவியும் அவள் பெற்ற பிள்ளைகளும் எஜமானுக்கே சொந்தம். அவன் மட்டும் ஒண்டியாய்ப் போகலாம். "என் பெண்சாதியையும் பிள்ளைகளையும் நேசிக்கிறேன்" என்று சொல்கிறவனுக்கு வேறு என்ன வழி இருந்தது?

யூபிலி வருடத்தில் சரியாக என்ன நடக்கும்?

ஏழு ஏழு வருடங்கள் கழித்து, ஐம்பதாம் வருடம், பாவநிவிர்த்தி நாளில் எக்காளம் ஊதுவார்கள். 'யோபேல்' என்றால் ஆட்டுக்கடாக் கொம்பு. யூபிலி என்ற பேர் அதிலிருந்து வந்தது. விற்ற நிலம் அன்று பழைய குடும்பத்துக்குத் திரும்பும், விலைப்பட்டவன் வீட்டுக்குப் போவான். "தேசம் என்னுடையதாயிருக்கிறபடியால், நீங்கள் நிலங்களை அறுதியாய் விற்கவேண்டாம்" என்பது அடிப்படை.

இதைக் கேட்டதும், அப்படியென்றால் வாங்கியவன் ஏமாந்துபோவானே என்று தோன்றும். இல்லை. விலையே அடுத்த யூபிலிக்கு எத்தனை விளைச்சல் பாக்கி என்று பார்த்துத்தான் போடுகிறார்கள். நாற்பது வருடம் இருந்தால் அதிகம், மூன்று வருடம் இருந்தால் கொஞ்சம். விற்பது மண்ணை அல்ல, விளைச்சல்களின் எண்ணிக்கையை. நம்மூரில் நிலத்தை ஒத்திக்கு விடுகிறோமே, கிட்டத்தட்ட அதுபோல. ஒரு வித்தியாசம்: ஒத்தியில் அசலைத் திருப்பிக் கொடுத்தால்தான் நிலம் வரும். யூபிலியில் விளைச்சலே கணக்கைத் தீர்த்துவிடும். மதில் சூழ்ந்த பட்டணத்து வீட்டுக்கு இது பொருந்தாது. ஒரு வருடத்துக்குள் மீட்காவிட்டால் அது வாங்கியவனுக்கே. உழுது பிழைக்கும் நிலத்தைத்தான் சட்டம் காக்க நினைத்தது.

இது வானத்திலிருந்து திடீரென்று விழுந்த யோசனையும் அல்ல. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாபிலோன் மன்னர்கள் கடன் தள்ளுபடி ஆணைகள் போட்டார்கள். கி.மு. 17-ஆம் நூற்றாண்டில் அம்மிசாதூகா மன்னன் போட்ட ஆணை களிமண் பலகையில் நமக்குக் கிடைத்திருக்கிறது. ஹம்முராபியின் 117-ஆம் சட்டம், கடனுக்காக விற்ற மனைவி மக்கள் மூன்று வருடம் உழைத்து நான்காம் வருடம் போகலாம் என்கிறது; பைபிளின் ஆறு வருடத்தைவிடக் குறைவு! ஆனால் பாபிலோனில் தள்ளுபடி ராஜாவின் தயவு. அவருக்குத் தோன்றும்போது வரும். லேவியராகமம் அதை ராஜாவின் கையிலிருந்து பிடுங்கிப் பஞ்சாங்கத்தில் வைத்தது.

இதையெல்லாம் யாராவது கடைப்பிடித்தார்களா?

ஏழாம் வருடம் நிலத்தைத் தரிசாக விட்டதற்கு மக்கபேயர் காலத்திலிருந்தே (கி.மு. 2-ஆம் நூற்றாண்டு) சான்று உண்டு. இன்றைய இஸ்ரேலிலும் 2021-22-இல் கடைப்பிடித்தார்கள். யூபிலி நடந்ததாகப் பைபிளில் ஒரு சம்பவம்கூட இல்லை. மீறிய கதைகளுக்குத்தான் பஞ்சமில்லை. தீர்க்கதரிசி ஒருவரின் விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து, கடன்காரன் என் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாக்க வந்திருக்கிறான் என்று அழுகிறாள் (2 இராஜாக்கள் 4). ஆமோஸ், ஒரு ஜோடி பாதரட்சைக்காக ஏழையை விற்கிறீர்கள் என்று திட்டுகிறார்.

எரேமியா 34-இல் வருவது எனக்கு மிகக் கசப்பான கதை. பாபிலோன் முற்றுகை இறுகியபோது சிதேக்கியா ராஜாவும் எருசலேம் பிரபுக்களும் கன்றுக்குட்டியை இரண்டாக வெட்டி, அதன் நடுவே நடந்து உடன்படிக்கை செய்து, எபிரெய அடிமைகள் எல்லாரையும் விடுதலை செய்தார்கள். எகிப்தியப் படை வருகிறது என்று கேள்விப்பட்டு பாபிலோனியர் முற்றுகையைத் தளர்த்தினார்கள். அவ்வளவுதான், விட்டவர்களைத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள்.

நெகேமியா 5 வேறு மாதிரி. கி.மு. 445 வாக்கில், பாரசீக ராஜாவின் வரி கட்டவும் பஞ்சத்தில் தானியம் வாங்கவும் வயலையும் திராட்சத் தோட்டத்தையும் அடகு வைத்தவர்கள் கூச்சலிடுகிறார்கள். எங்கள் பெண்களில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுப் போனார்கள், மீட்க எங்களுக்கு வக்கில்லை என்கிறார்கள். யூதேயாவின் ஆளுநராக இருந்த நெகேமியா கோபப்படுகிறார். அதோடு ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: நானும் என் சகோதரரும் வேலைக்காரரும்கூடக் கடன் கொடுத்திருக்கிறோம். வயலையும் வீட்டையும், நூற்றுக்கு ஒன்று என்று தண்டிய வட்டியையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள் என்கிறார். அது மாதக் கணக்கு என்றால் நம்மூர்ப் பேச்சில் வெறும் 'ஒரு வட்டி'. இன்று மூணு வட்டி, அஞ்சு வட்டி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம்.

கி.பி. 66-இல் எருசலேமில் ரோமருக்கு எதிராகக் கலகம் வெடித்தபோது, கலகக்காரர்கள் முதலில் கொளுத்தியவற்றில் ஆவணக் காப்பகமும் ஒன்று. கடன் பத்திரங்கள் அங்கேதான் இருந்தன என்று அக்காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார்.

கர்த்தருடைய ஜெபத்தில் 'கடன்' ஏன் வருகிறது?

மத்தேயு 6:12-இல் பழைய மொழிபெயர்ப்பு "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்கிறது. ஆராதனையில் குற்றங்கள் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது புதிதாகத் தெரியும். கிரேக்க மூலத்தில் கடன் என்ற சொல்தான் இருக்கிறது. இயேசு பேசிய அரமாயிக்கில் பாவத்துக்கும் கடனுக்கும் ஒரே சொல். கேட்ட கலிலேயர்களில் பலருக்கு இரண்டுமே பாக்கி இருந்திருக்கும்.

யூபிலி என்ற சொல் இன்றைய உலகக் கடன் பேச்சில் எப்படி வந்தது?

பிரிட்டனில் தொடங்கிய 'யூபிலி 2000' இயக்கத்தால். ஏழை நாடுகளின் கட்டமுடியாத கடனை 2000-ஆம் வருடத்துக்குள் ரத்து செய்யவேண்டும் என்று கேட்டார்கள். 1998 மே மாதம் ஜி-8 தலைவர்கள் பர்மிங்காமில் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து நகர மையத்தைச் சுற்றி நின்றார்கள். உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் 1996-இல் தொடங்கியிருந்த கடன் நிவாரணத் திட்டம் 1999-இல் விரிவானதில் இந்த இயக்கம் கொடுத்த நெருக்குதலுக்குப் பங்குண்டு. மொத்தத்தில் 37 நாடுகளுக்கு 10,000 கோடி டாலருக்கு மேல் கடன் குறைந்தது. 2025-ஐக் கத்தோலிக்கத் திருச்சபை யூபிலி ஆண்டாக அறிவித்தபோது போப் பிரான்சிஸ் மறுபடியும் இதே கோரிக்கையை வைத்தார்.

முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளையில் வேலை செய்வது இந்தச் சட்டங்களோடு தொடர்புடையதா?

நேரடியாக. குடும்பத்தோடு சூளைக்கோ அரிசி ஆலைக்கோ போய், வாங்கிய முன்பணம் தீரும்வரை வெளியே போகமுடியாமல் இருப்பவர்கள் தமிழ்நாட்டிலும் இருந்திருக்கிறார்கள். மீட்கப்பட்டவர்களில் இருளர் பழங்குடியினர் பலர். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976, அந்தக் கடனையே செல்லாததாக்குகிறது. அந்தக் கடனைப் பிறகு வசூலிப்பது மூன்று வருடம் வரை சிறைக்குரிய குற்றம். இது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு கடன் கொடுத்தவருடையது, தொழிலாளியுடையது அல்ல. இப்படி யாராவது இருப்பது தெரிந்தால் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ புகார் கொடுக்கலாம். விசாரணைக்குப் பின் விடுதலைச் சான்றிதழ் கொடுப்பார்கள்; அந்தத் தாளைப் பத்திரமாக வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், மறுவாழ்வு உதவிக்கு அதைத்தான் கேட்பார்கள். வெறுங்கையோடு அனுப்பாதே என்ற உபாகமத்து வரி இங்கேதான் கணக்குக்கு வருகிறது: சான்றிதழும் கையில் காசும் இல்லாமல் வெளியே வந்த குடும்பம், மழைக்காலத்தில் அடுத்த முன்பணத்துக்குக் கை நீட்டத்தான் செய்யும்.

அப்படியென்றால் சொந்தக்காரர் கடனுக்கு நான் ஜாமீன் கையெழுத்துப் போடவேண்டுமா?

நீதிமொழிகளைக் கேட்டால், வேண்டவே வேண்டாம். 22:26 ஜாமீன் நிற்காதே என்கிறது. 6-ஆம் அதிகாரம், போட்டுவிட்டாயா, வேடன் கையிலிருந்து மான் தப்புவதுபோல் ஓடித் தப்பு என்கிறது. லேவியராகமமோ உறவுக்காரனை மீட்பது உன் வேலை என்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாக எனக்குத் தெரியவில்லை. ஜாமீன் என்பது கடன் ஆரம்பிக்கும்போது போடும் கையெழுத்து. மீட்பு என்பது கடன் ஆளை விழுங்கியபின் செய்வது. முதலாவதற்கு மறுத்த பல அண்ணன்கள் இரண்டாவதற்கு வந்து நின்றதை நான் கவுண்டருக்குப் பின்னால் இருந்து பார்த்திருக்கிறேன்.

மீட்க மறுக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ரூத்தின் கதையில் போவாஸைவிட நெருங்கிய உறவினர் ஒருவர் இருந்தார். ரூத்தின் மாமியார் நகோமியின் நிலத்தை மீட்கிறாயா என்று ஊர்வாசலில் பத்துப் பெரியவர்கள் முன்னால் போவாஸ் கேட்டதும், மீட்கிறேன் என்றார். நிலத்தோடு மோவாபியப் பெண் ரூத்தையும் ஏற்று, இறந்துபோன அவள் கணவன் பேரில் வாரிசு உண்டாக்கவேண்டும் என்றதும் பின்வாங்கினார். என் சொந்தச் சொத்து கெட்டுப்போகும் என்றார், செருப்பைக் கழற்றி போவாஸிடம் கொடுத்தார், போய்விட்டார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ரூத்தின் புத்தகம் போவாஸின் பேரை எழுதியிருக்கிறது, அவன் தகப்பன் பேரை எழுதியிருக்கிறது, கொள்ளுப்பேரன் தாவீது வரைக்கும் எழுதியிருக்கிறது. இந்த மனிதரை எபிரெயத்தில் 'பெலோனி அல்மோனி' என்று மட்டும் சொல்கிறது. தமிழில் சொன்னால் 'இன்னார்'.